இழுப்பது எளிது, நிறுத்துவது அரிது

சென்ற மாதம் ஒரு மாலை, நாம் அலுவலகத்திலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து அண்ணாச்சி ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்நகருக்கு வந்து, இட்லிக் கூடையைத் தலையில் சுமந்து தொழில் தொடங்கியவர். இன்று செம்பூர், மாட்டுங்கா, சயான் வட்டாரங்களில் நம்மவர் வீட்டுத் திருமணமோ காதுகுத்தோ நடந்தால், சமையலுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவரே. அவருடன் மதினியும் வந்திருந்தார். இருவர் முகத்திலும் தெளிவில்லை.

காப்பி அருந்திய பின் அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். “தம்பி, பெரிய டீசல் வண்டி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.”

ஜாமீன் என்ற சொல்லைக் கேட்டால் மாதச் சம்பளக்காரன் எவனுக்கும் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். நமக்கும் நின்றது. எதற்காகப் பெரிய வண்டி என்று கேட்டோம். அவர் சொன்ன கதையில் நம் வாசகர் பலருக்கும் பயன் உண்டு என்று தோன்றியதால், அவருடைய இசைவு பெற்று இங்கே எழுதுகிறோம்.

அண்ணாச்சியிடம் இருப்பது ஊரார் குட்டியானை என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டி. ஈராண்டுகளுக்கு முன் பட்டறை ஒன்றில் இரு சக்கர டிரெய்லர் ஒன்றைக் கட்டச் செய்து, அதில் அடுப்பு, கிரைண்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தினார். பின்பக்கம் இரண்டு மடக்குக் கட்டில்களும் உண்டு. வெளியூர்த் திருமணங்களில் இரவு படுக்க அவை உதவின. வருகிற ஆடியில் ஊர்க் கோயில் கொடைக்கு அதையே இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு திருநெல்வேலி போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

இந்நிலையில் புனேயில் ஒரு திருமணம் வந்தது. போகும்போது கண்டாலா மலைப்பாதையில் வண்டி முதல் கியரில் மூச்சுத் திணறிக்கொண்டு ஏறியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். திரும்பும்போதுதான் ஆபத்து வந்தது. இறக்கத்தில் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கியது. அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. மீண்டும் மீண்டும் மிதிக்கவே கருகல் நாற்றம் எழுந்தது. பிறகு பெடல் பஞ்சு போல அமுங்கிற்று. மலையோரச் சுவரில் டிரெய்லர் உராய்ந்து நின்றதால் மூன்று உயிர்கள் தப்பின. அவற்றுள் ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அவர்களுடைய மகள்.

“வண்டியில் வலு போதவில்லை, தம்பி. அதனால்தான் பெரிய வண்டி. தரகர் ஒருவர் பத்து டன் லாரி காட்டுகிறார். மலையையே இழுக்கும் என்கிறார்” என்றார் அண்ணாச்சி.

அதுவரை பேசாதிருந்த மதினி அப்போது ஒரு வார்த்தை சொன்னார். “ஏறுவதற்கு எல்லாரும் வழி சொல்லுதாக, தம்பி. நாங்கள் சாகப் பார்த்தது இறங்கும்போதுதானே?”

நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், பொறியியல் கற்றவரல்லர். ஆயினும் சரக்கு வண்டிகளின் எடைச்சீட்டுகளைப் பதினைந்து ஆண்டுகளாகப் புரட்டிவரும் பழக்கத்தால், மதினியின் கேள்வியில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது என்பதை உணர்ந்தோம்.

நாகர்கோவில் வண்டியிலோ சென்னை வண்டியிலோ ஊருக்குப் போகும் நம்மவர் அனைவருக்கும் கர்ஜத் நிலையம் தெரியும். வண்டி நின்றதும் உருளைக்கிழங்கு வடை வாங்க நாம் இறங்குகிறோம். அந்நேரத்தில் வண்டியின் வாலில் நடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மலையேறும் வண்டிகள் பலவற்றுக்கு அங்கே பின்னாலிருந்து தள்ளுவதற்குத் தனி இஞ்சின்களை மாட்டுகிறார்கள். கர்ஜத்துக்கும் லோனாவளாவுக்கும் இடையிலுள்ள போர் காட் இருப்புப்பாதை 1863இல் திறக்கப்பட்டது. 37 அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏறும் சரிவு அது. ஏறத்தாழ 16 மைலில் 1831 அடி உயர வேண்டும். ஆயிரம் டன் வண்டியை இச்சரிவில் நிறுத்தினால், 27 டன் இழுப்பு அதைக் கீழ்நோக்கி ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சுமை முழுவதையும் முன் இஞ்சினின் கொக்கி ஒன்றே தாங்கலாகாது என்பதற்காகவும் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள்.

ரயில் இஞ்சின்கள் ஏன் அத்தனை கனமாக இருக்கின்றன என்பதும் அறியத்தக்கது. 1964 முதல் வாரணாசியில் செய்யப்பட்டு நாடெங்கும் ஓடிய பழைய டீசல் இஞ்சினின் திறன் 2600 குதிரைத்திறன். எடையோ ஏறத்தாழ 113 டன். பின்னர் சரக்கு வண்டிகளுக்கென வந்த 4000 குதிரைத்திறன் டீசல் இஞ்சினின் எடை ஏறத்தாழ 126 டன். திறனோடு எடையும் உயர்ந்ததற்குக் காரணம் உண்டு. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றுவது எடையினால்தான். எடையற்ற இஞ்சினில் எவ்வளவு திறன் இருந்தாலும் சக்கரம் வழுக்கிச் சுழலும். இழுப்பதற்கு மட்டுமன்றி, இறக்கத்தில் பின்னாலிருக்கும் பாரம் தள்ளும்போது தன் வழியில் உறுதியாக நிற்பதற்கும் எடை வேண்டும்.

ஆனால் இறக்கத்தில் ரயில்வே இஞ்சினின் எடையை மட்டும் நம்புவதில்லை. வண்டியிலுள்ள ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் உண்டு. காற்றுக் குழாய் ஒன்று தலைமுதல் வால்வரை ஓடுகிறது. கொக்கி அறுந்து வண்டி இரண்டாகப் பிரிந்தால், குழாயும் பிரிந்து அழுத்தம் குறைந்து, இரு பாதியிலும் பிரேக் தானே பற்றிக்கொள்ளும். மேலும், மின் இஞ்சினும் டீசல் இஞ்சினும் இறக்கத்தில் தம் மோட்டார்களையே மின் உற்பத்திக் கருவிகளாக மாற்றி வேகத்தை அடக்குகின்றன. மலையில் இறங்கும் வண்டிகள் இடையே நின்று பிரேக்கைச் சோதித்துக்கொண்டே வருகின்றன. கட்டு மீறிய வண்டியைத் தாங்கி நிறுத்த ஏறுமுகமான தனிப்பாதைகளும் அமைந்துள்ளன. ஏறுவதற்கு ஓர் ஏற்பாடு என்றால் இறங்குவதற்கு நான்கு ஏற்பாடுகள்.

அண்ணாச்சியின் டிரெய்லரில் பிரேக் இருந்ததா? இல்லை. “பின்னால் வருவதுதானே, முன்வண்டி நின்றால் அதுவும் நிற்கும் என்று பட்டறைக்காரர் சொன்னார்” என்றார் அவர்.

அண்ணாச்சி சமையல்காரராதலால் நாம் அவருக்குச் சமையல் கணக்கிலேயே ஒன்றைச் சொன்னோம். மூன்று டன் பாரம் போர் காட் அளவு உயரத்திலிருந்து கீழே இறங்குகையில் வெளிவிடும் ஆற்றல், ஐம்பது லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும், கியரில் இருந்தால் இஞ்சினும் வாங்கிக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் பிரேக்கின் பங்கு. பெரிய அண்டாத் தண்ணீர் கொதிக்கும் சூட்டை நான்கு சிறு உருளைகளில் ஏற்றினால் அவை என்ன ஆகும்? உருளை விரியும், பட்டை கருகும், உள்ளிருக்கும் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும், பெடல் அமுங்கும். அண்ணாச்சி அனுபவித்தது இதுவே. அவர் நெடுநேரம் பேசவில்லை.

“கையெழுத்துப் பிறகு ஆகட்டும். முதலில் எடை போடுவோம்” என்றோம்.

அடுத்த ஞாயிறு வடாலாவில் லாரிகள் நிற்கும் பக்கமுள்ள ஓர் எடைமேடைக்கு மூவரும் போனோம். டிரெய்லரின் எடையை அண்ணாச்சி முக்கால் டன் என்றே நினைத்திருந்தார். வழக்கமாகக் கொண்டுசெல்லும் சாமான்களோடு நிறுத்தபோது 1,420 கிலோ காட்டியது. சரக்கில்லாத குட்டியானையோ, ஓட்டுநரோடு சேர்த்து 1,010 கிலோதான். பெயரளவில் யானையாயினும், தன்னைவிடக் கனத்த பிள்ளையை அது சுமந்திருக்கிறது. இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தோம். தண்ணீர்த் தொட்டியில் மட்டும் 400 லிட்டர், அதாவது 400 கிலோ. போகுமிடத்தில் நிரப்பிக்கொள்ளத்தக்க தண்ணீரை மலையேற்றி இறக்கியிருக்கிறார்.

அத்தொட்டி இருந்த இடமும் தவறு. டிரெய்லரின் கடைக்கோடியில் வைத்திருந்தார்கள். இதனால் பின்பக்கம் கனத்து, கொக்கிப் பக்கம் இலேசாகிவிட்டது. மூட்டை நிறுக்கும் தராசைக் கொக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது 40 கிலோதான் அழுத்தியது. டிரெய்லர் நேராக வர வேண்டுமானால் அதன் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கோ சற்று மேலோ கொக்கியின்மீது இறங்க வேண்டும் என்பது இழுத்துப் பழகியவர்கள் கண்ட விதி. அதன்படி இங்கே 140 கிலோவுக்குக் குறையலாகாது. கனம் பின்னால் போனால் வால் ஆடும். அதிலும் பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலையடித்தால் ஆட்டம் இரட்டிக்கும்.

இனி வண்டி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். பெரிய வண்டி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குட்டியானை இந்தச் சுமைக்கு ஏற்றதன்று என்பதை எடைமேடையே சொல்லிவிட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் வெற்று எடை, சுமையோடு கூடிய மொத்த எடை என்று இரண்டு எண்கள் பதிவுச் சான்றிதழில் இருக்கும். டிரெய்லர் இழுப்பவர்கள் கேட்க வேண்டிய மூன்றாவது எண் ஒன்றும் உண்டு: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்று உற்பத்தியாளர் வகுத்த எல்லை. அந்த எண் கொடுக்கப்படாத வண்டியை இழுப்பதற்கு ஏற்றதாகக் கொள்ளாதிருப்பதே அறிவுடைமை.

டீசல் இஞ்சினின் சிறப்பு, குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த முறுக்குவிசை தருவது. நின்ற இடத்திலிருந்து பாரத்தை நகர்த்தவும், மலையில் நிதானமாக ஏறவும் அதுவே உதவும். கனத்த வண்டிகளில் பிரேக் உருளைகள் பெரியவை, அடிச்சட்டம் வலியது, சக்கரங்களுக்கிடையே நீளம் அதிகமாதலால் டிரெய்லர் வாலாட்டினாலும் எளிதில் அசையாது. சிலவற்றில் புகைபோக்கியை அடைத்து இஞ்சினைக்கொண்டே வேகத்தை அடக்கும் பிரேக்கும் உண்டு. இவையெல்லாம் காசு கொடுத்து வாங்கத்தக்க நன்மைகளே.

ஆனால் பத்து டன் லாரி அண்ணாச்சிக்கு எதற்கு? தாராவிச் சந்தில் அது நுழையாது. ஆண்டில் சில நாள் மலையேறுவதற்காக மற்ற நாளெல்லாம் அதற்குத் தீனி போட வேண்டும். உரிமத்திலும் வேறுபாடு உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகு வாகன உரிமம் பெற்றவர் ஓட்டலாம், தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த வரம்பைத் தாண்டினால் கனரக உரிமமோ, சம்பளத்துக்கு ஓர் ஓட்டுநரோ தேவை. டிரெய்லரும் சட்டத்தின் கண்ணில் தனி வண்டியே. அதற்கும் பதிவு வேண்டும். அண்ணாச்சியின் டிரெய்லருக்குப் பதிவு இல்லை. கண்டாலாவில் அது யாரையேனும் இடித்திருந்தால், காப்புறுதி நிறுவனத்தின் வாசலில் அவர் எந்தத் தாளைக் காட்டியிருப்பார்? புது வண்டிப் பேச்சுக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், இழுக்கும் வண்டிக்கும் டிரெய்லருக்கும் சேர்த்து விதிகளைக் கேட்டு வருமாறு சொன்னோம்.

புதிய டீசல் வண்டி வாங்க எண்ணுவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் வரும் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. அவ்வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தூய்மையாக வேண்டுமானால், வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீராக ஓட வேண்டும். தாராவியிலிருந்து மாட்டுங்கா, மாட்டுங்காவிலிருந்து செம்பூர் என்று நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். மாதமொருமுறை புனேச் சாலையைக் காணும் அண்ணாச்சியின் வண்டிக்கு இது பெருந்தொல்லை ஆகாது. நகரத்துக்குள்ளேயே சுற்றுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு ஊர்ப் பயணம். மும்பையிலிருந்து புனே, கோலாப்பூர், பெங்களூரு, சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கு 1,600 கிலோமீட்டர் போல வரும். வழியில் கண்டாலா ஒன்றே மலையென்று எண்ண வேண்டாம். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. தெற்கு நோக்கிப் போகும் நமக்கு அது நீண்ட இறக்கம். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலர் அங்கே கியரை விடுவித்து வண்டியை உருளவிடுகிறார்கள். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே கட்டுப்பாடிழந்த லாரிகள் முன்சென்ற வண்டிகள்மீது மோதிப் பல உயிர்கள் மாண்டதை நாளிதழ்களில் கண்டோம். கியரை விடுவித்தவன் இஞ்சினின் உதவியைத் துறந்தவனாகிறான். முழுச் சூடும் பிரேக்கின் தலையில் விழுகிறது. எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய லாரி ஓட்டுநர்களின் பாடம். இறக்கம் தொடங்கிய பின் அன்று, தொடங்குமுன்னரே கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். டிரெய்லருக்குள் படுக்கை இருக்கிறதென்று பிள்ளைகளை அதில் உட்காரவைத்து ஓட்டுவது கூடவே கூடாது. கட்டில் நின்ற வண்டிக்கு உரியது; ஓடும் வண்டிக்கு அன்று.

இவ்வளவும் பேசி முடித்த பின் அண்ணாச்சி தாமே ஒரு முடிவுக்கு வந்தார். முதலில் டிரெய்லரைச் சீர்செய்வது: தொட்டியை அச்சுக்கு மேலே நகர்த்துவது, பயணத்தில் அதைக் காலியாக வைப்பது, டிரெய்லர் முன்னே தள்ளும்போது அந்தத் தள்ளலாலேயே அதன் பிரேக் பற்றும்படி ஓர் அமைப்புப் பொருத்துவது, கொக்கி கழன்றாலும் பிடித்துக்கொள்ள இரட்டைச் சங்கிலி மாட்டுவது, பதிவுக்கு விண்ணப்பிப்பது. இரண்டாவது, பத்து டன் லாரிக்குப் பதிலாக, தன் எடை இரண்டரை டன்னும் மொத்த எடை ஆறு டன்னும் உள்ள நடுத்தர டீசல் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்குவது. கடன் பாதிக்கும் கீழே இறங்கியது. மகளின் கல்லூரிச் செலவுக்கென மதினி எடுத்துவைத்திருந்த நகைகள் பெட்டியிலேயே இருந்தன.

அந்தக் கடன் பத்திரத்தில் நாம் கையெழுத்திட்டோம். மனம் சற்று நடுங்கியது உண்மை. எனினும், எடை தெரியாத பாரத்துக்கு ஜாமீன் நிற்பது வேறு, நிறுத்துப் பார்த்த பாரத்துக்கு நிற்பது வேறு.

பதினைந்து நாட்களுக்கு முன் அண்ணாச்சி அந்த வண்டியில் மீண்டும் புனே போய் வந்தார். நம்மையும் அழைத்துச் சென்றார். திரும்புகையில் மலைத் தலைப்பிலேயே கியரைக் குறைத்து, வழியில் ஒருமுறை நிறுத்திப் பார்த்து, நிதானமாக இறங்கினார். பின்னால் வந்தவர்கள் இம்முறையும் ஹாரன் அடித்தார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. கோபோலி வந்ததும் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்தோம். இளஞ்சூடு இருந்தது, நாற்றம் இல்லை. மதினி கூஜாவைத் திறந்து, “இப்போது ஊருக்குப் போகலாம், தம்பி” என்றபடி காப்பியை ஊற்றினார்.

நம் சங்கத்தவரில் பலர் சிறுதொழில் வளர்ந்து பெரிய வண்டி வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். மகிழத்தக்கது. வாங்கும் நாளில் தரகர் எவ்வளவு இழுக்கும் என்று சொல்வார். எவ்வளவை நிறுத்தும் என்று நீங்கள் கேளுங்கள். அதற்கு முன்பே, சாமான்களோடு ஒருமுறை எடைமேடைக்குப் போய் வாருங்கள். அதற்கு ஆகும் கட்டணம் சிறிது.

வண்டிக்கும் டிரெய்லருக்கும் காப்புறுதி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றை அடுத்த இதழில் எழுதுவோம்.